மூணு மூடித் தண்ணி

எடை குறைக்கும் ஆபரேஷன் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை கிலோ குறைஞ்சுது?". அடுத்தது "எவ்வளவு செலவாச்சு?" (நம்ம ஊரில் இது இல்லாமலா!). "அதுக்கப்புறம் என்ன சாப்பிட்டீங்க?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மேட்டரே அங்கேதான் இருக்கிறது.

கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கணக்கு பார்க்கும் பெண்மணி அவர். வயது 43, எடை 118 கிலோ. சர்க்கரை, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சு முட்டல் எல்லாம் உண்டு. அவருக்கு 'ஸ்லீவ்' ஆபரேஷன் செய்தார்கள். அதாவது இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல நீளமான குழாயாக்கி, ஓரம் முழுக்க ஸ்டேப்ளர் அடித்து மூடுவது. ஆமாம், ஸ்டேப்ளரேதான்! பின் மட்டும் டைட்டானியம்.

மறுநாள் தண்ணீர் கொடுத்தார்கள். டம்ளரில் எல்லாம் இல்லை. டானிக் பாட்டில் மூடியில் ஒரு தடவைக்கு 10 மில்லி. அப்படி மூன்று மூடியைக் கால் மணி நேரத்தில் உறிஞ்ச வேண்டும். பிறகு அடுத்த மூன்று. ஒன்றரை லிட்டருக்கு 150 மூடி. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் ஆறரை ஆகிவிடும். தண்ணீர் குடிப்பதே ஒரு முழுநேர உத்தியோகம்.

வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு தாள். முதலில் தெளிந்த நீராகாரம், இரண்டு வாரம் வரை பால், மோர் மாதிரி திரவம், அப்புறம் இரண்டு வாரம் மசித்தது, அப்புறம் மெத்தென்றது, ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து வழக்கமான சாப்பாடு. (நாள் கணக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும்.) தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் புரோக்கோலி சூப், ஆப்பிள் கூழ்! பருப்புத் தண்ணியைக் காணோம், ரசத்தைக் காணோம். எந்த வீட்டு அடுப்பங்கரைக்காக எழுதினார்களோ!

பசி பெரிய பிரச்சினையாக இல்லை. 1999-இல் ஜப்பானில் கிரெலின் என்று ஒரு ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். பசியைத் தூண்டுவது அது. பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல் பகுதியில். ஸ்லீவில் அந்தப் பகுதியே போய்விடுகிறது. அதனால் ஆரம்ப மாதங்களில் பலருக்குப் பசி வெகுவாகக் குறைந்துவிடும். பிரச்சினை வேறு இரண்டு. ஒன்று, 25 வருடமாகச் சமைத்த கை. இன்னொன்று, அம்மா.

பார்த்துக்கொள்ளப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த அம்மாவுக்கு இந்தத் தாள் மேல் நம்பிக்கையே இல்லை. "வெறும் பருப்புத் தண்ணியக் குடிச்சா உசுரு நிக்குமா சாமி?" என்று கேட்டுக்கொண்டே, வடிகட்டாமல் அடியில் கொஞ்சம் பருப்பைச் சேர்த்துக் கொண்டுவருவார். பேரன் பார்த்துவிட்டு "அம்மாயி, வடிகட்டவே இல்ல" என்று போட்டுக்கொடுப்பான். இப்படியே பத்து நாள் ஓடியது.

பதினோராம் நாள் சாயங்காலம், "நீ உக்காரு கண்ணு" என்று அம்மா சொல்லியும் கேட்காமல், பையனுக்கு இரண்டு தோசை வார்க்க எழுந்தார். கல்லின் ஓரத்தில் மொறுமொறுவென்று ஒட்டிக்கொண்டு ஒரு சில்லு நிற்குமே, அதைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டார். யோசித்துச் செய்தது இல்லை. தோசை வார்க்கிற யாரும் செய்வதுதான்.

ஐந்து நிமிடத்தில் நெஞ்சுக்குக் கீழே கல் வைத்தது போல அடைத்துக்கொண்டது. எச்சில் நுரைநுரையாக வந்தது. அப்புறம் வாந்தி. வாந்தி எடுத்த பிறகு வலி குறைந்தது, ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. ஸ்டேப்ளர் அடித்த கோடு ஆற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் எங்காவது கசிந்தால் வயிற்றுக்குள் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து. அரிதுதான். ஆனால் அரிது என்ற சொல் ராத்திரி பத்து மணிக்கு ஆறுதல் தராது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். காய்ச்சலோ, நாடித்துடிப்பு 120-க்கு மேலோ, வலி ஏறினாலோ உடனே கிளம்பி வாங்க, இல்லையென்றால் தண்ணீர் மட்டும் உறிஞ்சிவிட்டுக் காலையில் வாங்க என்றார்கள். விடிய விடிய அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். 88. 92. 90.

காலையில் பரிசோதித்தார்கள். கசிவு இல்லை. அப்போதுதான் ஒரு நர்ஸ் அந்த அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏனுங்கம்மா, ஆறு மாசக் குழந்தைக்கு எடுத்ததும் முறுக்கா குடுப்பீங்க? இப்ப உங்க பொண்ணு வயிறு பச்சைப்புள்ள வயிறுங்க. இது இளைக்கறதுக்கான பட்டினி இல்ல, புண்ணு ஆறுற வரைக்கும் பத்தியமுங்க."

பத்தியம்! அந்த ஒரு சொல் அந்த ஆங்கிலத் தாளில் இருந்திருந்தால் பத்து நாள் சண்டை மிச்சம். மூன்று பிள்ளை பெற்று, நாலு பேருக்குப் பிரசவம் பார்த்த அம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்றைக்கே வெள்ளை வேட்டித் துணி கிழித்து வடிகட்ட ஆரம்பித்தார். மசிக்கிற கட்டம் வந்ததும் இட்லியையும் பாசிப்பருப்பையும் மிக்சியில் அடித்து, விரலால் தேய்த்துப் பார்த்து, திப்பி இருந்தால் திரும்ப அடித்தார்.

அடுத்த தலைவலி புரதம். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும் என்பார்கள், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும், முடி கொட்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 மில்லி பாலில் 3. வயிற்றில் ஒரு தடவைக்கு இடமோ கால் கப். பி.காம். படிக்கிற யாருக்கும் புரியும், வரவு இத்தனூண்டு, கட்டாயச் செலவு மலை மாதிரி. புரதப் பவுடர் இல்லாமல் ஆரம்பத்தில் கணக்கு நேராகாது. நம் சாப்பாட்டில் சோறுதான் ராஜா, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. இங்கே தலைகீழ். முதலில் முட்டை, பருப்பு, மீன். மிச்ச இடம் இருந்தால் இரண்டு வாய் சோறு. கூடவே ஆயுளுக்கும் பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள்.

மூன்றாம் மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். எடை 94 கிலோ. பந்தியில் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். சாதக் கரண்டி வந்தபோது மகளின் இலை மேல் குறுக்கே கையை நீட்டி மறித்தார். "என்னங்க அத்தை, புள்ளைக்கு ஒண்ணுமே வேண்டாங்கறீங்க?" என்று பரிமாறிய பையன் கேட்டான். "பத்தியம்" என்றார், அவ்வளவுதான். கூட்டு, பருப்பு, கொஞ்சம் தயிர் என்று இருபது நிமிடம் மென்று சாப்பிட்டுவிட்டு எழுந்த மகள், கை கழுவிய கையோடு தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"இன்னும் அரை மணி நேரம் ஆகல கண்ணு" என்றார் அம்மா, மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி.