ஊஞ்சல் கொக்கி

ஒன்றே ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வருகிறவனைக் கண்டால் பட்டறைக்காரர்களுக்கு முகம் சுருங்கிவிடும். நூறு வேண்டும் என்றால் உட்காரச் சொல்வார்கள். ஆயிரம் என்றால் காப்பி வரும். ஒன்று என்றால், "வியாழக்கிழமை வாங்க சார்" என்பார்கள். எந்த வியாழக்கிழமை என்று சொல்ல மாட்டார்கள். அவர்கள் பேரில் குற்றமில்லை. எஃகில் அச்சுக் குடைந்து, உருகிய உலோகத்தை அதற்குள் அழுத்திப் பாய்ச்சி எடுக்கிற முறை ஒன்று இருக்கிறது. அச்சு மட்டும் தயாராகிவிட்டால் அப்புறம் சாமான் மளமளவென்று வந்து விழும். அந்த அச்சின் விலையைப் பத்தாயிரம் சாமான்களின் தலையில் பங்கு போட்டால் எதற்கும் வலிக்காது. ஒரே சாமானின் தலையில் வைத்தால்? அதற்குப் பதில் அந்தச் சாமானை வெள்ளியிலேயே செய்து போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு வேண்டியிருந்தது ஓர் ஊஞ்சல் கொக்கி. கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்து ஊஞ்சல் பித்தளைச் சங்கிலி போட்டது. நாலு சங்கிலி, ஒவ்வொன்றின் தலையிலும் உத்திரத்து வளையத்தில் மாட்டுவதற்கு ஒரு கொக்கி. மேலே கொக்கி, கீழே சங்கிலியைப் பிடித்துக்கொள்ள ஒரு வளையம், நடுவில் ஒரு கிளி. மூன்றும் சேர்ந்து ஒரே வார்ப்பு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். என் மாமியார் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தபோது, கொக்கி ஒன்று கழுத்தோடு ஒடிந்தது. பலகை ஒரு மூலையில் சாய்ந்தது. மற்ற மூன்று சங்கிலிகளும் தாங்கிக்கொண்டன. சுண்ணாம்பு டப்பி உருண்டதைத் தவிர வேறு சேதமில்லை. அவருக்கு வயது 78. பயந்து போய் இனிமேல் ஊஞ்சலே வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தோம். மறுநாள் காலையிலேயே, "எப்போ சரியாகும்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஒடிந்ததை எடுத்துக்கொண்டு முதலில் நாச்சியார்கோவிலுக்குப் போனேன். குத்துவிளக்குக்குப் பெயர்போன ஊர். விளக்கின் அடி, தண்டு, அகல் எல்லாவற்றையும் மண்ணில் தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, பிறகு ஒன்றாகத் திருகுகிறார்கள். எனக்குத் தெரிந்த வார்ப்புக்காரப் பெரியவர் ஒருவர் கொக்கியை வாங்கி, ஒடிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதி முகம் கறுத்திருந்தது. மீதி மஞ்சளாகப் பளிச்சிட்டது. "கறுப்பு பழைய விரிசல் சார். மஞ்சள்தான் அன்னிக்கு விட்டது" என்றார். கறுப்பின் நடுவே எள்ளளவு ஒரு குழி. வார்க்கும்போது உள்ளே அகப்பட்ட காற்று செய்த வேலை.

இதையே மாதிரியாக வைத்து மண்ணில் பதித்து வார்த்துவிடலாம்தான். உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும். கொக்கிக்கு அது ஒரு பொருட்டல்ல. செலவும் குறைவு. ஆனால் பித்தளை உருகுகிற சூட்டில் அதிலுள்ள துத்தநாகம் கொதித்துப் புகைய ஆரம்பிக்கும். மண்ணில் ஈரம் கொஞ்சம் மிஞ்சினாலும் ஆவி கிளம்பும். உள்ளே எங்கே குழி விழுந்தது என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. பெரியவரே சொல்லிவிட்டார்: "விளக்குக்கு இது போதும் சார். விளக்கு மேலே யாரும் உட்காரப் போறதில்லை."

தம் தொழிலைப் பற்றி இப்படிச் சொல்கிற மனிதரிடம் எந்த வேலையையும் நம்பிக் கொடுக்கலாம். இந்த வேலையை மட்டும் கொடுக்க முடியவில்லை.

அவர் இன்னொன்றும் கேட்டார். "மத்த மூணும் இதே வார்ப்புதானே?" அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு வேண்டியது ஒன்றல்ல, நான்கு என்று ஆயிற்று.

திருச்சியில் இஞ்சினீயராக இருக்கும் என் மருமான் ஞாயிற்றுக்கிழமை வந்தான். காகிதத்தில் கணக்குப் போட்டான். பலகை 40 கிலோ, மூன்று பேர் உட்கார்ந்தால் 200, ஆக 240. நாலு சங்கிலிக்கும் சமமாக அறுபது என்று நான் சொல்லப்போக, "இல்லை மாமா. ஒரு சங்கிலி அரை விரல் நீண்டிருந்தால் போதும், எதிரெதிர் மூலையில் இருக்கும் இரண்டே எடை முழுவதையும் சுமக்கும்" என்றான். அப்படியானால் 120. முப்பது டிகிரி வீசி ஆடினால், கீழே வருகிற கணத்தில் இன்னும் கால் பங்குக்கு மேல் கூடும். கொக்கி ஒன்றுக்கு 150 கிலோ என்று வைத்துக்கொள்ளச் சொன்னான்.

கனமான பித்தளைத் தகட்டிலிருந்து கொக்கியை வெட்டியெடுக்கலாம் என்பது அவன் யோசனை. கால் மில்லிமீட்டர் கம்பி ஒன்றில் மின்சாரம் பாய்ச்சி, தண்ணீருக்குள் பொறி பறக்க உலோகத்தை அறுக்கும் இயந்திரம் இருக்கிறது. அச்சு வேண்டாம், ஒன்று கேட்டாலும் ஒன்று செய்து தரும். கோடு பிசகாது. ஆனால் தகட்டில் வெட்டியது தகடாகத்தான் இருக்கும். விளிம்பு சதுரமாக நின்று உத்திரத்து வளையத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் ராவும்; அரம் போட்டு உருட்ட வேண்டும். கிளியோ அப்பளக் கிளியாகிவிடும். உலோகப் பொடியை மயிரிழைக்கும் மெல்லிய படலங்களாகப் பரப்பி, லேசர் ஒளியால் உருக்கிச் சேர்த்து உருவம் அமைக்கும் முறையையும் சொன்னான். செயற்கை மூட்டுகளும் விமான உதிரிகளும் அப்படிச் செய்கிறார்கள். கிளியின் மூக்கு வரை அச்சாக வருமாம். ஆனால் பித்தளை அந்த ஒளியைத் திருப்பியடிக்கும்; துத்தநாகம் அங்கேயும் ஆவியாகும். எஃகில் செய்யலாம் என்றான். "எவர்சில்வரா? அது சமையலறைச் சாமான்" என்று ஊஞ்சலுக்கு உரியவர் உள்ளேயிருந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மிஞ்சியது கொல்லன் உலை. கம்பியைக் காய்ச்சி வளைத்தால் உலோகத்தின் ஓட்டம் அறுபடாமல் கழுத்தோடு வளைந்து போகும். உருளைக் கம்பி என்பதால் விளிம்பும் இல்லை. அதற்கும் கம்பி பார்த்து வாங்க வேண்டும். கடைசலுக்கென்று விற்கும் பித்தளையில் ஈயம் கலந்திருக்கும். சீவினால் வெண்ணெயாக வரும், வளைத்தால் வெடிக்கும். ஈயமில்லாத 16 மில்லிமீட்டர் கம்பி வாங்கினோம்.

பச்சையாகவே வளைத்துவிடலாம் என்றார் கொல்லர். மருமான் கூடாது என்றான். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தியாவில் பித்தளைத் தோட்டா உறைகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தது. மழைக்காலம் வந்தால் அவை தாமாகவே விரிசல் விட்டன. சூடில்லாமல் இழுத்து வடித்த பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா அந்த இறுக்கத்தைப் பிடித்துக்கொண்டு பிளக்கிறது. 1921-இல் ஆங்கில ஆராய்ச்சியாளர்கள் இதை விளக்கி எழுதினார்கள். எங்கள் கொல்லையில் இரண்டு பசுக்கள் இருக்கின்றன. கொட்டிலுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு நடைதான். ஆகவே மங்கிய செந்நிறம் வரும்வரை காய்ச்சி வளைத்து, வளையத்தின் வாயைப் பற்றவைத்து மூடி, கடைசியில் இன்னொரு முறை மிதமாகச் சூடு காட்டி ஆறவிட்டோம். இரும்பு போல் மஞ்சள் பழுக்க விட்டால் பித்தளை சம்மட்டிக்கு உதிர்ந்துவிடும் என்பதைக் கொல்லர் ஒரு துண்டுக் கம்பியில் தாமே பார்த்துத் தெரிந்துகொண்டார்.

கிளி மட்டும் சுவாமிமலைக்குப் போயிற்று. மெழுகில் பிடித்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகம் வார்க்கிற வேலை. ஒவ்வோர் உருவுக்கும் ஒரு கரு, அதையும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்; ஒன்று வேண்டும் என்றால் முகம் சுளிக்காத தொழில் இது ஒன்றுதான். கிளியை இரண்டு பாதியாக வார்த்து, கொக்கியின் தண்டை அணைத்தாற்போலத் திருகாணியால் சேர்த்தார்கள். எடையில் ஒரு குன்றிமணிகூட அது சுமக்கவில்லை. உள்ளே குழி இருந்தாலும் கிளியோடு போகட்டும்.

ஒவ்வொரு கொக்கியிலும் ஆறு சிமெண்டு மூட்டை, அதாவது 300 கிலோ, கட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்டோம். காலையில் அளந்து பார்த்ததில் வளையம் விரியவில்லை. பழைய நாலையும் நாச்சியார்கோவில் பெரியவர் எடைக்கு எடுத்துக்கொண்டார். ஒரு சின்ன விளக்குக்கு ஆகும் என்றார்.