பனையேறியின் பேரன்

நாஞ்சில் நாட்டின் வயல்களைக் கடந்து தெற்கே செல்வோர் பனை நிறைந்த செம்மண் மேடுகளைக் காண்பர். முன்னாளில் பருவம் வந்ததும், பொழுது புலருமுன்னரே பனையேறிகள் அங்குத் தொழில் தொடங்கிவிடுவர். காலில் தளைநார் பூட்டி, இடையில் அரிவாள்பெட்டி கட்டி, 50 அடி உயர மரத்தை நெஞ்சாரத் தழுவி ஏறுவர். பாளை சீவி அக்கானி இறக்குவர். நாளொன்றுக்கு 30, 40 பனைகள் ஏறுவாரும் உண்டு. மாலையில் மீண்டும் ஏற வேண்டும். அத்தொழிலைப் புகழ்வோர், மரத்தினின்று வீழ்ந்து முடமானோரையும், நெஞ்சில் காய்த்த தழும்பையும் மறத்தலாகாது. ஆயினும், அவ்வுடலில் வேண்டாத கொழுப்புத் தங்க இடமில்லை.

அப்பனையேறியின் பேரன் இன்று நாகர்கோவிலில் நாற்காலியில் அமர்ந்து பணி செய்கின்றான். பாட்டனுக்கிருந்த இடர் அவனுக்கில்லை, அது நன்றே. ஆனால், சோறும் மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் பாட்டன் உண்ட அளவிலேயே அவன் இலையிலும் விழுகின்றன. செலவாகாத உணவு எங்கே போகும்? கொழுப்பாகி வயிற்றிலும் கல்லீரலிலும் சேர்கின்றது. அதனால் இன்சுலினின் ஆற்றல் உடலில் குன்ற, இரத்தத்தில் சர்க்கரை ஏறுகின்றது. உழைக்கும் தசையோ அச்சர்க்கரையைத் தானே ஈர்த்துக்கொள்ளும். இக்கேடு வலியின்றி, ஆண்டுக்கணக்கில் ஓசைப்படாமல் வளர்வது.

‘எடை கூடாதிருந்தால் போதாதோ?’ என்று சிலர் வினவுவர். இவ்வினாவிற்கு இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் விடை கிடைத்தது. ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ ஓயாது படியேறி இறங்குவார். நடத்துநரிடையே மாரடைப்பு நோய் குறைவு என்பதை ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் 1953-இல் வெளியிட்டார். ஓட்டுநர் இயல்பிலேயே பருத்தவரோ என்னும் ஐயம் எழவே, சீருடைக்கென எடுத்த இடையளவுகளையும் அவர் ஆராய்ந்தார். ஓட்டுநரின் இடை பெரிதாகவே இருந்தது. எனினும், நோயின் வேறுபாட்டை அஃதொன்றே விளக்கவில்லை. மெலிந்தவருள்ளும் ஓட்டுநர்க்கே இடர் மிகுதி.

நம்மவர்க்கு இச்செய்தி இன்னும் பொருந்தும். ஒத்த எடையுள்ள ஐரோப்பியரைவிட இந்தியர் உடலில் கொழுப்பு மிகுதி. ஆகவேதான், எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்து வரும் எண் 23 ஆகும்போதே ஆசியர் விழிப்புற வேண்டும் என்பர். கிழமைக்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நாள்தோறும் அரைமணி நேரமாக ஐந்து நாள் நடந்தால் அக்கணக்கு நிறைவுறும்.

விடியற்காலையில் மருந்துவாழ்மலைப் படிகளில் ஏறுவோருள் பனையேறிகளின் பேரர்களும் உளர். பாதியில் மூச்சு வாங்க நின்று அவர்கள் கீழே நோக்கினால், ஏறுவாரற்ற பனைகள் தெரிகின்றன.