கடல் பார்த்த அறை

ராமேஸ்வரம் போய் வருகிறவர்கள் சங்கும் சோழி மாலையும் வாங்கி வருவார்கள். நான் அதோடு ஒரு பாடத்தையும் வாங்கி வந்தேன். பிறருக்கும் உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாமனாரின் வருஷத் திதி முடிந்த மறுநாள் என் மாமியார், "ஒரே ஒரு தடவை ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடிட்டு வந்துட்டா, எனக்கு வேற ஆசையே இல்லை" என்றார். அத்தைக்கு 78 வயது. சர்க்கரை, முழங்கால் வலி. வாயைத் திறந்து எதுவும் கேட்டறியாதவர். அவரே கேட்டுவிட்டார் என்றதும் இவர் உடனே சம்மதித்துவிட்டார்.

குன்றத்தூரில் இருக்கும் எங்களுக்குப் பயணம் ஒன்றும் சிரமமில்லை. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதுப் பாலத்தைத் திறந்தபோது, தாம்பரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நேர் ரயிலே விட்டுவிட்டார்கள். சாயங்காலம் ஏறினால் விடிகாலையில் இறங்கலாம். மகாளய அமாவாசைக் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து, அடுத்த வாரம் கிளம்பினோம்.

தங்க இடம் பிடித்தது கல்லூரியில் படிக்கும் என் மகன். "கடல் பார்த்த ரூம்மா! லிஃப்ட் இருக்கு, வெந்நீர் இருக்கு, கோயிலுக்கு நடந்தே போயிடலாம்" என்று செல்போனில் படத்தைக் காட்டினான். வெள்ளை வெளேரென்று விரிப்பு, ஜன்னல் நிறைய நீலக் கடல். நானும் மயங்கிப் போனேன். இரண்டு அறை, இரண்டு நாள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டியாயிற்று.

ரயில் பாலத்தில் ஏறியபோது இன்னும் சரியாக விடியவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர். அத்தை கை கூப்பியபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் வந்த அலுப்பெல்லாம் பறந்துவிட்டது.

ஆனால் ஆட்டோ ஊருக்குள் நுழைந்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. எந்தச் சந்தில் திரும்பினாலும் லாட்ஜ். ஒன்றின் தோளில் ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. எங்கள் லாட்ஜில் லிஃப்ட் இருந்தது, உண்மைதான். 'பழுது' என்று அட்டை மாட்டியிருந்தது! எங்கள் அறைகளோ மூன்றாவது மாடியில்.

"வயசானவங்க வர்றாங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா பார்த்துச் செஞ்சிருப்போம்மா" என்றார் மேனேஜர்.

மேலே போய்ப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜ் மொட்டை மாடி. அதில் வரிசையாகக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். இரண்டு தொட்டிகளுக்கு நடுவே நாலு விரல் அகலத்துக்கு நீலம் தெரிந்தது. அதுதான் கடல்! குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தால் ஒரே உப்பு. சோப்பு நுரைக்கவே இல்லை. எங்கிருந்தோ சாக்கடை நாற்றம் வேறு.

எனக்கு வந்ததே கோபம்! விறுவிறுவென்று கீழே இறங்கி, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டேன். "ஆன்லைன்ல கட்டினது எங்க கையில இல்லம்மா" என்றார். எனக்குக் குரல் ஏறிவிட்டது. வாசலில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில், பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "எனக்காகச் சண்டை போடாதேம்மா. நான் இங்கேயே ஒரு ஓரமாப் படுத்துக்கறேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆசையாக வந்தவரை, நாம் ஏன் வந்தோம் என்று நினைக்க வைத்துவிட்டேனே!

கடைசியில் கீழேயே, சமையற்கட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அதில் அத்தையும் நானும். மாடியில் அப்பாவும் பிள்ளையும்.

அறையைப் பெருக்க வந்த பெண் உள்ளூர்க்காரி. "குளிச்சு முடிச்சதும் குழாயை இறுக்கி மூடிருங்கக்கா. போர்த் தண்ணி வரவர உப்பாப் போவுது. எங்க வீட்டுல நல்ல தண்ணியைக் குடம் கணக்குல காசு குடுத்துத்தான் வாங்குறோம்" என்றாள். தண்ணீருக்காகக் கத்திய என் வாய் அடைத்துப்போயிற்று.

அன்றைக்கே அக்னி தீர்த்தத்தில் கடல் நீராடிவிட்டு, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களுக்கும் போனோம். இவர் ஒரு கை, நான் ஒரு கை பிடித்துக்கொள்ள, அத்தை ஒவ்வொரு கிணறாக நின்று நிதானமாக வாளித் தண்ணீரை வாங்கிக்கொண்டார். ஒரு கிணற்றில் உள்ளங்கையில் ஏந்திக் குடித்துப் பார்த்து, "கடலை ஒட்டி இருக்கு, உப்பே இல்லை பாரேன்" என்று சிறுபிள்ளை போலச் சிரித்தார்.

இருபத்து மூன்று வருஷமாக நானும் அத்தையும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரு நாளாவது ஒரே அறையில் படுத்ததில்லை. காபி, மாத்திரை, மின்சார பில் என்பதைத் தாண்டி அதிகம் பேசிக்கொண்டதும் இல்லை. அன்று ராத்திரி, ஜன்னல்கூடச் சரியாக இல்லாத அந்த அறையில் அத்தை பேச ஆரம்பித்தார்.

1960-ல், 13 வயதில், தன் அப்பா அம்மாவோடு இங்கே வந்தாராம். அப்போது சாலைப் பாலம் ஏது? ரயிலில்தான் வந்தார்களாம். தங்கினது ஒரு சத்திரம். மின்விசிறி இல்லை, கட்டில் இல்லை. எல்லோருக்கும் ஒரே கிணறு. "எங்கம்மா இறைச்சு இறைச்சு என் தலைக்கு ஊத்தினா. முடி பட்டு மாதிரி ஆயிடுச்சு" என்றார். தனுஷ்கோடி வரை ரயிலில் போய், இலங்கைக்குப் போகும் கப்பலையும் பார்த்தாராம். "கல்யாணமானதும் உன் மாமனார்கிட்டே சொன்னேன். கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னே காலம் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் தனுஷ்கோடிக்குப் போனோம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ரயிலோடு, ஜனங்களோடு அழிந்த ஊர். இடிந்த மாதா கோயில் சுவர் இன்னும் நிற்கிறது. அத்தை ஒன்றும் பேசாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவள். ஆனாலும் இது புரியப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மணல் தீவில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும். அளவோடு இறைத்தால் நல்ல தண்ணீர். மோட்டார் போட்டு உறிஞ்சினால் கடல் உள்ளே வந்துவிடும். 1988-ல் சாலைப் பாலம் வந்தது. பஸ்ஸும் காரும் வந்தன. வருகிறவர்களுக்கெல்லாம் அறை வேண்டும், அறைக்கு அறை குளியல். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்திதானே? இல்லாத லிஃப்டை இருப்பதாகக் காட்டியது லாட்ஜின் தப்பு. அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் உப்புத் தண்ணீருக்கு மேனேஜரை மட்டும் திட்டினால் போதாது.

எங்கள் குன்றத்தூர் மட்டும் என்னவாம்? செம்பரம்பாக்கம் ஏரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, புதுசு புதுசாக முளைக்கும் அடுக்கு மாடிகளுக்குத் தண்ணீர் லாரி போய்க்கொண்டிருக்கிறது!

வயதானவர்களோடு ராமேஸ்வரம் போகும் சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள்: படத்தை நம்பாதீர்கள். லாட்ஜுக்கே போன் செய்து, கீழ்த்தளத்தில் அறை உண்டா, லிஃப்ட் ஓடுகிறதா, தண்ணீர் உப்பா என்று கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களை வெறும் வயிற்றோடு தீர்த்தமாட அழைத்துப் போகாதீர்கள். ஈரக் கல் வழுக்கும், கையை விடாதீர்கள். மாற்றுத் துணியும் உலர்ந்த துண்டும் கையோடு இருக்கட்டும். ஈரத் துணியோடு சுவாமி தரிசனத்துக்கு விடமாட்டார்கள்.

ஊர் திரும்பிய பிறகு ராத்திரி மாத்திரை கொடுக்கப் போனால், நானும் அத்தை கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுகிறேன். "அந்த ரூம் மோசமில்லைம்மா, காத்துதான் இல்லை" என்றார் அன்றொரு நாள்.