சம்புடத்து மண்

ஆச்சியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவளுடைய சாமி அலமாரியைத் துடைத்தபோதுதான் அந்தப் பித்தளைச் சம்புடத்தை முதன்முறையாகத் திறந்தேன். செவ்வாயும் வெள்ளியும் அதன் முன்னால் அவள் விளக்கேற்றாத வாரம் கிடையாது. "சொரிமுத்தையனார் கோயில் பிடிமண். கல்யாணமாகிப் பம்பாய் தாராவிக்கு ரயிலேறும்போது கொண்டுவந்தது" என்று அப்பா சொல்லக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். தாத்தா வழியில் எங்கள் குலதெய்வம் அவர்.

உள்ளே இருந்ததோ செக்கச்செவேலென்ற பொடிமணல்.

அது உறுத்தியது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயில் இருக்கும் காரையாறு போய், தாமிரபரணிக் கரையில் குடில் போட்டுப் பல வருஷம் தங்கியிருக்கிறேன். அங்கே என் காலில் ஒட்டியதெல்லாம் இலைமக்கு கலந்த கருத்த மண்ணும் ஆற்றுச் சரளும்தான். இந்தச் சிவப்பை நான் பார்த்தது வேறோர் இடத்தில்: திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் மேடுகளான தேரிகளில். மணலின் ஒவ்வொரு குருணைமீதும் இரும்பு ஆக்ஸைடு பூச்சாக ஏறியதால் வந்த நிறம் அது. ஆச்சி பிறந்ததும் உடன்குடிப் பக்கம்தான்.

அப்படியென்றால் இது கற்குவேல் அய்யனார் கோயில் மண் என்று முடிவுகட்டினேன். கார்த்திகை கடைசி நாளில் அந்தக் கோயில் இருக்கும் தேரிக்குடியிருப்புக்குப் போனேன். அன்றைக்குத்தான் அங்கே கள்ளர் வெட்டுத் திருவிழா. கோயிலுக்குப் பின்னால் தேரியில் இளநீரை வெட்டியதும், நீர் சிந்திய இடத்து மண்ணுக்காகக் கூட்டம் முண்டியடித்தது. வீட்டிலும் கடையிலும் வயலிலும் வைத்தால் வளம் பெருகும் என்று ஆளாளுக்கு மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். நானும் ஒரு பிடி அள்ளி, சம்புடத்து மண்ணோடு சேர்த்துப் பார்த்தேன். நிறத்தில் துளி வித்தியாசமில்லை. மனசு துள்ளியது. இனி ஒரு சாட்சி மட்டும் போதும்.

ஆச்சியின் தங்கை உடன்குடியில் இருக்கிறாள். எண்பதைத் தாண்டியும் கண்ணும் காதும் தெளிவு. சின்ன ஆச்சி வாயைத் திறந்தால் தேடல் முடிந்துவிடும். அவள் திறக்கவில்லை. முதல் தடவை, "சாமி மண்ணுக்கு ஊர் கேக்கப்பிடாது எய்யா" என்று கருப்பட்டிக் காப்பி கொடுத்து அனுப்பினாள். இரண்டாம் தடவை கற்குவேல் அய்யனார் பெயரைச் சொல்லி நேராகவே கேட்டேன். "ஒங்க அப்பன் சொன்னதுதான் சரி" என்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். முகத்தில் கோபமில்லை, ஏதோ பயம் இருந்தது. அந்தப் பயம்தான் என்னை விடவில்லை. கோயில் மண்ணைப் பற்றிக் கேட்டால் ஒரு கிழவி ஏன் பயப்பட வேண்டும்?

அதற்கு விடை தேடி, இடத்தின்மீது மனிதருக்கு உண்டாகும் பற்றைக் குறித்து உளவியலாளர்கள் எழுதியதை வாசித்தேன். மார்க் ஃப்ரைட் என்பவர் 1963-ல் எழுதிய கட்டுரை என்னைத் திருப்பிப் போட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 'வெஸ்ட் எண்ட்' என்ற பகுதியை மொத்தமாக இடித்து, அங்கிருந்தவர்களை வேறிடங்களுக்குப் பெயர்த்தார்கள். இரண்டு வருஷம் கழித்தும் பலர், வீட்டில் சாவு விழுந்ததுபோலத் துக்கப்பட்டிருக்கிறார்கள். பழகிய தெருவுக்காகவும் அண்டை அயலுக்காகவும் அத்தனை துக்கம். இடம் அவர்களில் ஒரு பாகமாகியிருந்தது என்கிறார் ஃப்ரைட்.

நான் இதுவரை எந்தச் சாமியின் மண் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரைவிட்டுப் பிரிந்த பெண்ணைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மூன்றாம் தடவை சம்புடத்தோடு போனேன். "ஆச்சி பம்பாய்க்குப் போறதுக்கு முந்துன ராத்திரி என்ன செஞ்சா?"

சின்ன ஆச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு சம்புடத்தைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தாள்.

"இது எந்தக் கோயில் மண்ணுமில்ல எய்யா. எங்க அய்யாவோட பனைவிளை மண்ணு. நாந்தான் விளக்கு பிடிச்சேன், அவ கையால தோண்டுனா. பொறந்த வீட்டுல இருந்து மண்ணைச் சொமந்துட்டுப் போனா மாமியா விடுவாளா? கேட்டா ஒங்க சாமி மண்ணுன்னு சொல்லிரு அக்கான்னு சொன்னேன். யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டா."

தாலி ஏறினால் புருஷன் வீட்டுச் சாமிதான் பெண்ணுக்கும் சாமி. பிறந்த வீட்டுத் தெய்வத்தையே விட்டுவிட்டுப் போக வேண்டியவளுக்கு, ஒரு விளையின் மண்ணை எடுத்துப்போக எந்தச் சம்பிரதாயமும் இடம் கொடுக்காது. அதனால் ஆச்சி தன் ஏக்கத்துக்குத் தாத்தாவின் சாமி பெயரைச் சூட்டினாள். தாராவியில் அந்தச் சின்ன அறையில் அவள் விளக்கேற்றியது, பதினேழு வயதுவரை தான் ஓடித் திரிந்த தரைக்கு. எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் அவள் விழுந்து கும்பிட்ட பிறகு அது சாமி மண் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"விளை இப்ப எங்கருக்கு? காட்டுறீங்களா?"

"வித்து நாப்பது வருசமாச்சு. மரமெல்லாம் வெட்டி, வேலி போட்டுட்டான். இங்கருந்து கூப்பிடு தூரந்தான். போறதில்ல."

சம்புடத்தை மூடப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"எனக்குக் கொஞ்சம் குடு."

ஒரு பிடி போட்டேன். ஒரு குருணை சிந்தாமல் முந்தானை நுனியில் வாங்கி, இரண்டு முடிச்சாக இறுக்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.