பென்சிலால் வரையும் கொடிவழி

'பொன்னியின் செல்வன்' வாசிக்கத் தொடங்கும் நம் மாணவர் பலர் முதல் பாகமான 'புது வெள்ள'த்தைத் தாண்டுவதில்லை. நடை காரணமன்று, கல்கியின் நடையைக் கடினம் என்று எவரும் சொல்லார். அவர்களை இடறுவது உறவுமுறை. யார் யாருக்கு என்ன வேண்டும் என்பது பிடிபடாவிட்டால் கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுச் சதி வெறும் பெயர்ப்பட்டியலாகிவிடுகிறது. தருமபுரிப் பிள்ளைகளுக்கு ஒகேனக்கல்லின் ஆடிப்பெருக்கு தெரியும். ஆகவே ஆடிப் பதினெட்டில் தொடங்கும் முதல் அத்தியாயம் அந்நியமில்லை. அதியமானின் தகடூரைத் தம் ஊர் என்பவர்களுக்குப் பழுவூரும் கொடும்பாளூரும்தான் அயலாக இருக்கின்றன.

ஆகவே கரும்பலகையில் பாத்திர வரைபடம் வரையத் தொடங்கினோம். 'பங்காளி' என்னும் ஒரு சொல் பாதி வேலையை முடித்துவிட்டது. கண்டராதித்தர் அண்ணன், அரிஞ்சயர் தம்பி. அண்ணன் மறைந்தபோது அவர் மகன் சிறு குழந்தை. அரியணை தம்பிக்கும், பின்னர் தம்பி மகன் சுந்தர சோழருக்கும் போயிற்று. இப்போது அண்ணன் மகன் மதுராந்தகன் வளர்ந்துவிட்டான். தன் பங்கைக் கேட்கிறான். வரப்புத் தகராறு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. மதுராந்தகன் ஆதித்த கரிகாலனுக்குச் சித்தப்பா முறை என்று கோடிழுத்துக் காட்டியதும் வகுப்பு சிரித்துவிட்டது.

அச்சிட்ட முழு வரைபடத்தை நாம் கொடுப்பதில்லை. நந்தினி யார் மகள் என்ற கேள்வியைக் கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வளர்த்துச் சென்றார். அதை ஒரே தாளில் முதல் நாளே விடுவித்துவிட்டால் நாவலில் மிச்சம் என்ன? மேலும், இந்நாவலில் உறவுக்கோடுகள் நிலையானவை அல்ல. மதுராந்தகனும் சேந்தன் அமுதனும் பிறப்பிலேயே இடம் மாறியவர்கள் என்று ஐந்தாம் பாகம் சொல்லும்போது முன்பு வரைந்ததை அழித்தாக வேண்டும். எனவே நோட்டில் பென்சிலால்தான் வரையச் சொல்கிறோம். அழித்த தடம் மிகுந்த நோட்டைக் கண்டால் நமக்கு மகிழ்ச்சி. வாசித்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஒரு மாணவி மட்டும் செம்பியன் மாதேவியிலிருந்து மதுராந்தகனுக்குச் செல்லும் கோட்டை அழிக்க மறுத்தாள். "வளர்த்தவங்க அவங்கதானே ஐயா?" என்றாள். அதைப் புள்ளிக்கோடாக்கிக்கொள்ள அனுமதித்தோம். பாத்திரப் படைப்பு பற்றி நாம் ஆற்றிய உரைகளைவிட அந்தப் புள்ளிக்கோடு மேல்.

2022, 2023 ஆண்டுகளில் வந்த மணிரத்னத்தின் இரு படங்களையும் பார்த்துவிட்டு வருவோர் வேறொரு வரைபடத்தோடு வருகிறார்கள். திரையில் அந்தப் பிள்ளை மாற்றம் இல்லை. முடி மதுராந்தகனுக்கே போகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கல்கி எதற்காக இவ்வளவு சுற்றினார் என்ற நல்ல கேள்வி தானே எழுகிறது.

மையால் வரைய அனுமதிப்பது கல்வெட்டில் இருப்பவர்களை மட்டுமே. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வந்தியத்தேவரைக் குந்தவையின் கணவராகக் குறிக்கிறது, அவருக்கு மை. நந்தினிக்கும் பூங்குழலிக்கும் ஆழ்வார்க்கடியானுக்கும் பென்சில்தான். நந்தினி கற்பனை என்றால் சிலர் முகம் வாடிவிடுகிறது, என்ன செய்வது!

ரவிதாசனுக்கும் மைதான். வந்தியத்தேவன் குதிரையேறி வரும் அதே வீரநாராயண ஏரியின் பக்கம், காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் கூறுகிறது. அவர்கள் சொத்தோடு நில்லாமல், மக்கள், மனைவியர், பெண் கொடுத்த மாமன்மார் சொத்துவரை பறிக்க ஆணையிடுகிறது. இதையும் கரும்பலகையில் கொடிவழியாக வரைந்தோம். மாமன்மார் வரை கோடு நீண்டபோது வகுப்பு சிரிக்கவில்லை.