பொம்மர் ஜக்கெட்

களுவாஞ்சிக்குடியில் இருந்துகொண்டு பழைய விமானிகளின் ஜக்கெட்டுகளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றால் முதலில் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். "இந்த வெக்கைக்கு ஜக்கெட்டா?" நியாயமான கேள்விதான். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பெனியனே பாரமாகத் தெரிகிற ஊர். ஆனால் மார்கழி விடியக்காலை ஐந்து மணிக்கு இஞ்சயிருந்து மட்டக்களப்புக்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். மழை விட்ட றோட்டு, கடற்பக்கமிருந்து வாடை, கிட்டத்தட்ட முப்பது கிலோமீற்றர். செட்டிபாளையம் தாண்ட முதலே விரல் விறைத்துவிடும். சேர்ட்டுக்குள் காற்றுப் புகுந்து முதுகைப் பலூன் மாதிரி ஊதும். றெயின்கோட் போட்டால் உள்ளே வேர்த்து, வெளியே நனைந்து, இரண்டு பக்கமும் ஈரம்.

படிக்கப் போன இடத்தில் ஒரு வருசம் லண்டனில் என்ட மாமாட மகனோடு தங்கியிருந்தேன். மச்சானுக்குப் பழைய ஃப்ளைட் ஜக்கெட் சேர்க்கிற பைத்தியம். அவருடைய அறையில் கட்டிலை விட ஜக்கெட்டுகளுக்குத்தான் இடம் அதிகம். சிலது உண்மையாகவே பழசு, சிலது பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகத் தைத்தது. ஒவ்வொன்றையும் எனக்குப் போடத் தருவார். ஒரே ஒரு நிபந்தனை: கண்ணாடிக்கு முன்னால் நிற்கக்கூடாது. கதிரையில் இரு, இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டு, தலையை இடம் வலம் திருப்பு, பிறகு சொல்லு என்பார். விமானி நின்றுகொண்டு வேலை செய்கிறவன் அல்ல. மணித்தியாலக் கணக்கில் ஒரு ஒடுங்கிய இருக்கையில், கட்டுப்பட்டி இறுக்கி, கையை முன்னால் வைத்து இருக்கிறவன். அந்த உடம்புக்கு வெட்டிய உடுப்பை அந்த மாதிரி இருந்துதான் சோதிக்கவேண்டும். எங்கட பைக்கில் இருக்கிற இருப்பும் கிட்டத்தட்ட அதுதானே.

ஏன் இவ்வளவு தடிப்பான உடுப்பு என்றால் கணக்கு எளிது. ஆயிரம் மீற்றர் உயர உயர வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறையும். தரையில் 30 பாகை என்றால் 6,000 மீற்றரில் பூச்சியத்துக்குக் கீழே 9. அந்தக் காலத்து விமானங்கள் பலவற்றில் விமானி இருக்கிற அறையே திறந்தது. மூடியிருந்தாலும் சூடாக்கும் வசதி பெரும்பாலும் இல்லை. அதனால் உடுப்புத்தான் வீடு.

முதலில் ஏ-2. அமெரிக்க இராணுவ விமானப் படையணி 1931இல் ஏற்றுக்கொண்ட தோல் ஜக்கெட். பெரும்பாலும் குதிரைத்தோல். இடுப்பிலும் மணிக்கட்டிலும் பின்னல் பட்டி, சேர்ட் கொலர், முன்னால் மூடி வைத்த இரண்டு பொக்கெட். கை சூடாக்க அந்தப் பொக்கெட்டுக்குள் பக்கவாட்டால் கை விடமுடியாது. நின்று பார்த்தால் கட்டையாகவும் இறுக்கமாகவும் தெரியும். இருந்து பார்த்தால்தான் அந்தக் கட்டையின் காரணம் விளங்கும்: வயிற்றில் மடிப்பு விழாது, ஸிப் நாடிக்கு ஏறாது. கைக்குழியை மேலே, அக்குளுக்கு நெருக்கமாக வெட்டியிருப்பார்கள். இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். கைக்குழி பெரிதென்றால் வசதி என்றுதான் நினைப்போம். ஆனால் கைக்குழி தாழ்ந்தால் கையை நீட்டும்போது முழு ஜக்கெட்டும் சேர்ந்து எழும்பும். மேலே இருந்தால் கை மட்டும் போகும், இடுப்புப் பட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய ஏ-2இன் குறை முதுகு. ஒரே துண்டுத் தோல். தோள் அகலமான ஆளுக்கு முன்னால் எட்டும்போது யாரோ பின்னாலிருந்து பிடிக்கிற மாதிரி இருக்கும்.

அந்தக் குறையைத் தீர்த்தது அமெரிக்கக் கடற்படையின் ஜி-1. 1986இல் வந்த 'டொப் கன்' படத்தில் டொம் குரூஸ் போட்டிருப்பது இந்த வகைதான். ஆட்டுத்தோல், கழுத்தில் ஆட்டு உரோமக் கொலர். முக்கியமான விசயம் முதுகுப் பக்கம்: தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மடிப்பு வைத்துத் தைத்திருப்பார்கள். கையை நீட்டினால் மடிப்பு விரியும், விட்டால் மூடிக்கொள்ளும். மச்சானிடம் போட்டுப் பார்த்தவற்றில் கைக்குச் சுகம் என்றால் எனக்கு இதுதான் முதலிடம். கழுத்துக்கு நேரெதிர். அந்த உரோமக் கொலரோடு எங்கட ஊரில் ஒரு மணித்தியாலம் இருந்தால் கழுத்தெல்லாம் வேர்க்குருதான்.

தடிப்பில் உச்சம் செம்மறித்தோல் ஜக்கெட்டுகள். அமெரிக்கர்களுக்கு பி-3, பிரித்தானிய விமானப்படைக்கு இர்வின். இர்வினை உருவாக்கிய லெஸ்லி இர்வின் பரசூட் செய்கிறவர். 1919இல் தானே கயிற்றை இழுத்து விரிக்கிற பரசூட்டோடு குதித்துக் காட்டியவர். போட்டால் ஆட்டை அப்படியே சுமக்கிற மாதிரி. சூடு இருக்கு, அசைவு இல்லை. முழங்கை மடிக்கவே பாடுபடவேண்டும்.

அடுத்தது எம்.ஏ-1. கடைகளில் 'பொம்பர் ஜக்கெட்' என்று விற்கிறதெல்லாம் இதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். 1950ஐ ஒட்டி வந்தது. ஜெட் விமானங்கள் இன்னும் உயரத்துக்குப் போகத் தொடங்கியதும் தோல் தோற்றது: தரையில் மழையில் நனைந்த தோல் மேலே போனதும் விறைத்துவிடும். அறையும் ஒடுங்கிப்போனது. அதனால் நைலோன். அதற்கு முந்திய பி-15இல் இருந்த உரோமக் கொலரை எடுத்துவிட்டுப் பின்னல் கொலர் வைத்தார்கள், பரசூட் பட்டியோடு உரோமம் இடறியதால். ஒரு பட்டிக்காகச் செய்த மாற்றம், கழுத்துக்கும் விடுதலை. தலையைத் திருப்ப எதுவும் தடுக்காது. பொக்கெட் சாய்வாக, கை போகிற இடத்தில் இருக்கும். பாரமே தெரியாது. குறை என்ன? நைலோன் மூச்சு விடாது. பைக் ஓடிக்கொண்டிருக்கும்வரை சொர்க்கம். பட்டிருப்புப் பாலத்தடியில் நிறுத்திக் கதைத்துக்கொண்டு நின்றால் இரண்டு நிமிசத்தில் முதுகு ஊறிவிடும். இதே வெட்டில் இடைப்படை குறைத்த எல்-2பி என்று ஒன்று இருக்கு. எங்கட காலநிலைக்கு ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

கடைசியாக, 1970களில் வந்த சி.டபிள்யூ.யூ.-45. நோமெக்ஸ் என்ற, இலகுவில் தீப்பிடிக்காத துணி. ஜி-1இன் முதுகு மடிப்பு இதற்குள் திரும்பி வந்திருக்கு, கொலர் படிந்து கிடக்கும். ஒவ்வொரு ஜக்கெட்டும் முந்தியது எங்கே கடித்தது என்று கேட்டுத்தான் அடுத்த அடி வைத்திருக்கிறது.

வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு சொல்: உள்ளே ஒட்டியிருக்கிற இலக்கத்தை நம்பாதீர்கள். பழைய 40, இன்றைய 40ஐ விடச் சின்னது. ஜக்கெட்டை நிலத்தில் விரித்து ஒரு அக்குளிலிருந்து மற்ற அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். உங்கட நெஞ்சளவை விட நாலு அங்குலம் கூட இருந்தால் பிடிப்பு, ஆறு என்றால் உள்ளே ஒரு சேர்ட்டோடு சுகம். அதற்கு மேலே போனால் காற்றுக்கு வாடகைக்குக் கொடுத்த வீடு.

நான் திரும்பி வரும்போது மச்சான் தன்னுடைய எம்.ஏ-1 ஒன்றைத் தந்துவிட்டார். சாம்பல் கலந்த பச்சை, உள்ளுக்குச் செம்மஞ்சள். விமானி எங்காவது விழுந்துவிட்டால் உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுத் தேடுகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று பிறகு வந்த மாதிரிகளில் வைத்த நிறம் அது. அம்மா அதைக் கையில் வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தா. "நல்ல துணி" என்றா. என்ன ஜக்கெட் என்று கேட்டா. சொன்னேன்.

"பொம்மரா?"

எங்கட ஆக்களுக்கு அந்தச் சொல் உடுப்புக் கடையால் வந்ததில்லை. குண்டு போடுகிற விமானத்துக்குத்தான் பொம்மர் என்று பேர். ஹெலிச் சத்தம் கேட்டாலே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிய தலைமுறை அம்மாட தலைமுறை. 1996இல் இலங்கை விமானப்படைக்குக் கிபிர் வந்த பிறகு அந்தப் பேரே ஒரு சத்தமாகிப்போனது. 2006இல் வாகரையிலிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்தபோது நான் சின்னப் பிள்ளை. பெரியவர்கள் வானத்தைப் பார்த்துக் கதைத்தது மட்டும் நினைவிருக்கு.

அதற்கும் முந்திய கதை ஒன்று எங்கட கடலிலேயே கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஹேர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. 307 பேர் செத்தார்கள். விமானம் சுமக்கக் கட்டிய கப்பலில் அன்றைக்கு ஒரு விமானமும் இல்லை. இன்றைக்கும் சுழியோடிகள் போய்ப் பார்க்கிற இடம் அது. ஃப்ளைட் ஜக்கெட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எப்போதும் மேலே இருக்கிறவனின் குளிரைப் பற்றித்தான் எழுதுவார்கள். நானும் இவ்வளவு நேரமும் அதைத்தான் எழுதினேன். தோள் இறுக்கமா, கழுத்து கடிக்குமா என்று. எங்கட சனம் அந்தக் கதையில் எப்பவும் கீழேதான் நின்றது.

அம்மா சத்தம் போடவில்லை. "வீட்டுக்குள்ள போடு மனே. அந்த நிறத்தோட றோட்டுக்குப் போகாத" என்றா, அவ்வளவுதான். உருமறைப்புக் கோலம் இல்லை, வெறும் பச்சைதான் என்று சொல்லலாம். வெளிநாட்டில் பாட்டுக்காரர்களிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை போடுகிறார்கள் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் விடியக்காலை இருட்டில், ஹெல்மட்டோடு, அந்தப் பச்சையில் ஒருத்தன் ஒரு வீட்டுப் படலையடியில் பைக்கை நிறுத்தினால் உள்ளே இருக்கிற மனிசிக்கு முதல் என்ன தோன்றும்? ஒரு உடுப்பு போடுகிறவனுக்கு மட்டும் அளவாக இருந்தால் காணுமா?

ஆனாலும் அந்த வெட்டை விட மனமில்லை. குற்றம் நிறத்தோடும் பேரோடும் கிடக்கு. கைக்குழி என்ன பாவம் செய்தது? சந்தைப் பக்கம் எங்களுக்குப் பழக்கமான தையற்கார அண்ணனிடம் எம்.ஏ-1ஐக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முதலில் செய்தது உட்புறத்தை வெளியே திருப்பியதுதான். கைக்குழியில் இரண்டு விரலை விட்டு அளந்து, "இவ்வளவு ஏத்தி வெட்டினா இஞ்ச ஆக்கள் இறுக்கம் எண்டு திருப்பிக் கொண்டு வருவாங்க" என்றார். கதிரையில் இருந்து கையை நீட்டிக் காட்டினேன். விளங்கிவிட்டது. ஜி-1இன் முதுகு மடிப்பைக் கடதாசியில் கீறிக் காட்டினேன். "பொம்பிளையளுக்குப் பாவாடைக்கு வைக்கிற மடிப்புத்தானே, அது பெரிய வேலையில்ல" என்றார்.

இப்போது எனக்கொரு ஜக்கெட் இருக்கிறது. கடும் நீலம், நெருக்கமாக நெய்த கொட்டன் துணி, உள்ளே மெல்லிய ஒரு படை மட்டும். ஏ-2இன் நீளம், ஜி-1இன் முதுகு, எம்.ஏ-1இன் கழுத்தும் பொக்கெட்டும். போன மாரி முழுக்க மட்டக்களப்புக்கும், பாலம் கடந்து படுவான்கரைக்கும் அதோடுதான் ஓடினேன். கையை நீட்டினால் இடுப்புத் தெரிவதில்லை, காற்று உள்ளே ஊதுவதில்லை, நிறுத்தி நின்றாலும் நைலோன் மாதிரி அவிக்காது. பெருமழையைத் தாங்காது, அதற்கு றெயின்கோட்தான். அம்மா ஒருநாள் அதைத் தோய்த்துக் கொடியில் போடும்போது, அண்ணனுக்கும் இப்படி ஒன்று தைக்கக் கொடு, ஆனால் நீளத்தை இரண்டு அங்குலம் கூட்டச் சொல்லு என்றா.

பச்சை ஜக்கெட் அலுமாரியில் தொங்குது. மச்சான் வந்தால் அவரே திருப்பிக் கொண்டுபோகட்டும். இஞ்ச இன்னும் சரிவராத ஒரு விசயம் பின்னல் பட்டி. ரீசேர்ட் கொலருக்குப் போடுகிற துணியில்தான் மணிக்கட்டும் இடுப்பும் தைத்தது. பத்துத் தோய்ப்பில் தளர்ந்துபோச்சு. நல்ல இறுக்கமான பின்னல் பட்டி அளந்து வெட்டி விற்கிற கடை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த மாரிக்கு முதல் மாற்றவேண்டும்.