சுற்றுக் கணக்கு

அந்த ஸ்பீடோமீற்றரை வாங்கியதற்கு ஒரே காரணம், அது மைலில் எண்ணியது. ஜேர்மனியின் ஹம் நகரில், பழைய பொருள் சந்தையில், பீங்கான் கோப்பைகளுக்கும் கதவுக் கைபிடிகளுக்கும் நடுவே கிடந்தது. வட்ட முகம், கீழே பெற்றோல் அளவுக்கு இன்னொரு சிறு முள், ‘ஸ்மித்ஸ்’ என்ற பெயர். பதினைந்து யூரோவைக் கொடுத்துவிட்டு, காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போகும் வழியிலேயே யாழ்ப்பாணத்துக்குப் படம் அனுப்பினேன்.

“தம்பி, இது எங்கட காரின்ர முகமெல்லோ!” என்றார் மாமா.

எங்கட கார், 1098 சிசி மொறிஸ் மைனர். பெற்றோல் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. 1995 இடப்பெயர்வு முடிந்து வீடு திரும்பியபோது கார் நின்றது. டாஷ்போட்டின் நடுவில் மீற்றர் இருந்த இடம் வெறும் ஓட்டை. மாமா அதைத் தகரத்தால் மூடினார். இன்றுவரை எஞ்சின் சத்தத்தைக் கேட்டே வேகம் சொல்கிறார்.

ஆனால் முகத்தை மட்டும் நம்ப முடியாது. மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் 1959இல் வந்த மினியையும் வடிவமைத்தார். இரண்டிலும் மீற்றர் நடுவில்தான். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி. 1945க்குப் பின், ஹம் இருக்கும் இந்த வெஸ்ட்பாலியா பிரித்தானிய வலயம். அயலில் டோர்ட்முண்டிலும் மூன்ஸ்ரரிலும் அவர்களுடைய படை பல பத்தாண்டுகள் இருந்தது. எந்தப் படைவீரரின் கார் எந்தக் கராஜில் உதிர்ந்ததோ!

முகப்பின் அடியில் பொடியாக நான்கு இலக்கம் அச்சிட்டிருந்தது. தொடர் எண் என்று நினைத்து விட்டுவிட்டேன். சில நாள் கழித்து ஒரு ஜேர்மன் விடிஓ மீற்றரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதில் W என்ற எழுத்தோடு நிற்கும் எண், ஒரு மீற்றர் தூரத்துக்குக் கேபிள் எத்தனை முறை சுற்றும் என்பதைச் சொல்கிறது. ஸ்மித்ஸின் நான்கு இலக்கமும் அதே கணக்குத்தான், மைலுக்கு.

கியர்பெட்டியிலிருந்து வரும் கேபிள் மீற்றருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தம் தொடாமலே ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, மயிரிழைச் சுருள்வில் பிடித்து நிறுத்த, இரண்டுக்கும் நடுவே முள் நிற்கிறது. ஓட்டோ சுல்ட்ஸ 1902இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ஓடிய மைலை எண்ணுவது வேறு, அது பற்சக்கர வேலை. காரின் சுற்றும் மீற்றரின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் வேகம், மைல் இரண்டுமே பொய் சொல்லும்.

காரின் எண்ணைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கேபிளின் மீற்றர்ப் பக்க நுனியில் காகிதக் கொடி ஒட்டி, பின்சில்லு ஆறு முறை உருளும்வரை காரை நேராகத் தள்ள வேண்டும். கொடி சுற்றிய எண்ணிக்கையை 1680ஆல் பெருக்கி, சில்லின் நடுவிலிருந்து தரைவரை உள்ள அங்குலத்தால் வகுக்க வேண்டும். கொடி 12 முறை சுற்றி, உயரமும் 12 அங்குலம் என்றால் விடை 1680.

பக்கத்து வீட்டுப் பெடியள் தள்ளினார்கள். மாமா கொடியை எண்ணினார். நான் ஹம்மில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வந்த எண் முகப்பில் இருந்ததைவிடக் கால் மடங்கு அதிகம். பொருத்தினால், நாற்பதில் போகும் கார் ஐம்பது என்று காட்டும்.

அந்தக் கால் மடங்கு எனக்குப் பிடி கொடுத்தது. 1956 வரை வந்த 803 சிசி மைனரின் பின் அச்சு விகிதம் ஐந்துக்கு மேல். 1962இல் வந்த 1098 சிசிக்கு 4.22. இரண்டுக்கும் இடைவெளி ஏறத்தாழக் கால் மடங்கு. “பின் அக்சில் எப்பவாவது மாத்தினதோ, மாமா?”

கொஞ்ச நேரம் மௌனம். “சண்டைக்குள்ள ஒருக்கா முறிஞ்சது. ஒரு பழைய மைனரில இருந்து கழட்டிப் போட்டனாங்கள்.”

என் ஊகம் இதுதான்: மீற்றர் பிந்திய மைனருடையது, மாமாவின் கார் பிறந்தபோது இருந்த கணக்குக்குச் சரியானது. மாறிப்போனது கார்தான்.

“அப்ப சரிவராதோ?” என்றார். நான் பதில் தேடுவதற்குள் அவரே சொன்னார்: “அனுப்பு தம்பி. எனக்குக் கழிச்சுப் பார்க்கத் தெரியாதே?”

பொதிக்குள் ஒரு துண்டு எழுதி வைத்தேன்: ஐந்தில் ஒன்று கழிக்கவும்.